ஓர் இனிஷியலோடு தெற்கு சூடான் போய் வந்த கதை

வெளிநாட்டு மருத்துவ நிவாரணப் பணிக்குப் போகிறேன் என்றதும் எல்லோரும் கேட்டது துப்பாக்கிச் சண்டையைப் பற்றித்தான். ஆனால் கிளம்புவதற்கு முந்தைய ஆறு மாதம் என் தூக்கத்தைக் கெடுத்தது துப்பாக்கி இல்லை. என் பெயருக்கு முன்னால் நிற்கும் ஒற்றை எழுத்து.

எனக்கு ஊர் குளித்தலை. குழந்தைகள் ஐ.சி.யூ.வில் ஏழு வருடம் ஸ்டாஃப் நர்ஸ். விண்ணப்பம், ஆங்கிலத் தேர்வு, இரண்டு சுற்று நேர்காணல் எல்லாம் வம்பில்லாமல் முடிந்தன. நேர்காணலில் ஒரு கேள்வி மட்டும் இன்னும் நினைவில் இருக்கிறது: "நாலு குழந்தைக்கு மூச்சுத் திணறல், ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஒன்றுதான் இருக்கிறது, என்ன செய்வீர்கள்?" ஏதோ சொன்னேன். தேர்வாகிவிட்டேன் என்று மின்னஞ்சல் வந்தது, கூடவே அனுப்ப வேண்டிய ஆவணங்களின் பட்டியலும் வந்தது. தலைவலி அங்கே ஆரம்பித்தது.

பாஸ்போர்ட் எடுத்தபோது இன்டர்நெட் சென்டர் பையன் 'சர்நேம்' கட்டத்தில் அப்பா பெயரை முழுசாகப் போட்டுவிட்டான். நானும் கவனிக்கவில்லை. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து நர்சிங் பதிவு வரை மற்ற எல்லாவற்றிலும் இனிஷியல் மட்டும். நமக்கு இது ஒரு விஷயமே இல்லை. ஐரோப்பாவில் உட்கார்ந்து என் கோப்பைப் பார்த்தவருக்கோ இரண்டு பெண்கள் தெரிந்தார்கள். அதோடு அவர் எனக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். "அன்புள்ள" என்று தொடங்கி அப்பா பெயர் வரும்போதெல்லாம், அப்பாவுக்கு வந்த கடிதத்தைத் திருட்டுத்தனமாகப் படிப்பது போல இருந்தது.

சான்றிதழில் இனிஷியலை விரித்து எழுதித் தர முடியுமா என்று கேட்க ஓர் அலுவலகத்துக்குப் போனேன். காலை பத்தேகாலுக்கு டோக்கன் போட்டு, மூன்றரை மணிக்கு முகம் கொடுத்தார்கள். "மார்க் ஷீட்ல எப்படி இருக்கோ அப்படித்தான்மா இருக்கும். வேணும்னா பாஸ்போர்ட்டை மாத்திட்டு வா." பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றி, புதுப் புத்தகம் வாங்கி, விசாவுக்கு அனுப்புவதற்குள் அந்த வேலையே போய்விடும். ஸ்டாம்ப் பேப்பரில் 'இரண்டு பெயரும் ஒருவரே' என்று அஃபிடவிட் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கலாம் என்பதை அந்த கவுண்டரில் யாரும் சொல்லவில்லை. வெளியே ஜெராக்ஸ் கடைக்காரர்தான் சொன்னார். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அமைப்பும் ஏற்றுக்கொண்டது. உங்களுக்கும் இந்தச் சிக்கல் இருந்தால் விண்ணப்பம் போடும் முன்னாலேயே நாலு ஒரிஜினல் அஃபிடவிட் வாங்கி வையுங்கள். ஒன்று போதாது, எல்லா இடத்திலும் ஒரிஜினலைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது அனுபவச் சான்றிதழ். முன்பு வேலை பார்த்த ஒரு தனியார் மருத்துவமனையில் 'ஸ்டாஃப் நர்ஸாகப் பணியாற்றினார்' என்று ஒரே வரியில் தந்தார்கள். எந்த வார்டு, எத்தனை வருடம் என்று இல்லை. நிவாரண அமைப்புகளுக்கு வேண்டியதே அதுதான். குழந்தைகள் வார்டா, தியேட்டரா, பிரசவ அறையா என்று பார்த்துத்தான் இடம் ஒதுக்குகிறார்கள். இரண்டாவது முறை போனபோது வார்டு பெயர் வந்தது, ஆனால் யாரோ ஒரு ஆண் நர்ஸின் கடிதத்திலிருந்து எடுத்து ஒட்டியதில் நான் 'அவன்' ஆகியிருந்தேன். மூன்றாவது முறை நானே டைப் செய்து பென் டிரைவில் கொண்டுபோனேன். முதல் நாளே அப்படிச் செய்திருந்தால் இரண்டு நாள் லீவு மிச்சமாகியிருக்கும்.

நம் மீது வழக்கில்லை என்று காட்டும் பி.சி.சி. சான்றிதழ் பற்றி ஒரு வரி: காவல்துறை இணையதளத்தில் எடுக்கும் சரிபார்ப்பு அறிக்கை வேறு, வெளிநாட்டுக்காகப் பாஸ்போர்ட் அலுவலகம் தருவது வேறு. முதலாவதற்குப் பணம் கட்டிவிட்டு அசடு வழிந்தவர்களில் நானும் ஒருத்தி.

இனி தடுப்பூசி. இதில் முழுத் தப்பும் என்னுடையது, நர்ஸாக இருந்துகொண்டு செய்தேன் என்பதுதான் அவமானம். தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லாவுக்கான எம்.எம்.ஆர். இரண்டாவது டோஸும் பட்டியலில் இருந்தது. பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று அதை முதலில் போட்டுக்கொண்டேன். பத்து நாள் கழித்து மஞ்சள் காய்ச்சல் ஊசிக்காகத் திருச்சியில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறி, விடிவதற்கு முன் சென்னையில் இறங்கி, ஊசி மையத்தில் ஏழு மணிக்கு வரிசையில் நின்றேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "கடைசி நாலு வாரத்துல வேற ஏதாவது லைவ் வேக்சின் போட்டீங்களா?"

இரண்டும் உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசிகள். ஒரே நாளில் போடலாம், இல்லையென்றால் நாலு வார இடைவெளி வேண்டும். எத்தனையோ அம்மாக்களுக்கு நானே சொன்ன பாடம் இது. பதில் சொல்லாமல் திரும்பினேன். சாயங்கால ரயில் வரைக்கும் எழும்பூர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன்.

ஊசி போட்டதற்கு அத்தாட்சியாகத் தரும் மஞ்சள் அட்டை, ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் செல்லும். ஆக மீதி இடைவெளி, அதற்கு மேல் பத்து நாள். அதற்குள் எனக்கென்று சொல்லியிருந்த இடத்துக்கு வேறு ஒருவர் போய்விட்டார். பெயர்ப் பிரச்சினையில் பிழைத்த வேலை ஊசியில் போனது. ஆறு வாரம் காத்திருந்த பிறகு தெற்கு சூடானில் பென்டியு என்ற ஊரில் இடம் கிடைத்தது. எனவே எதற்கும் முன்னால் மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் போட்டுவிடுங்கள். 2016 ஜூலையிலிருந்து அந்த அட்டை ஆயுள் முழுதுக்கும் செல்லும் என்பதால் சீக்கிரம் போடுவதில் நஷ்டமில்லை. முன்பதிவு இல்லாமல் போகவும் வேண்டாம். ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும், திறந்தால் சில மணி நேரத்தில் தீர்த்தாக வேண்டும் என்பதால் ஆள் கணக்குப் பார்த்துத்தான் திறப்பார்கள்.

இரண்டாவது முறை போனபோது அட்டை எழுதுகிறவர் பழக்கதோஷத்தில் இனிஷியல் போட்டு எழுதிவிட்டார். "பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரி எழுதுங்க சார்" என்றேன். "நம்ம ஊர்ல இப்படித்தான்மா, யாரும் கேக்க மாட்டாங்க." நான் நகரவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. கடைசியில் வேறு அட்டை எடுத்து எழுதினார். ஆறு மாதத்தில் நான் ஜெயித்த ஒரே சண்டை அது.

வீட்டில் பேச்சு வேறு மாதிரி. தன்னார்வலர் என்ற சொல்லைக் கேட்டுச் சம்பளமே கிடையாது என்று சித்தி முடிவு செய்துவிட்டாள். எல்லைகளற்ற மருத்துவர்கள் மாதிரியான அமைப்புகளில் மாத ஊதியம், விமான டிக்கெட், காப்பீடு, தங்குமிடம் எல்லாம் உண்டு. சவுதியில் கிடைப்பது கிடைக்காது, அவ்வளவுதான். ஒப்பந்தம் முதல் முறை போகிறவர்களுக்குப் பெரும்பாலும் 9 முதல் 12 மாதம். அறுவைச் சிகிச்சை, மயக்க மருந்து டாக்டர்கள் சில வாரங்களுக்குப் போய் வரலாம்.

கிளம்பும் வாரம் இன்னொரு படிவம் வந்தது. யாராவது நம்மைக் கடத்திவிட்டால், உயிரோடு இருக்கிறோமா என்று உறுதி செய்துகொள்ள, நமக்கு மட்டுமே பதில் தெரிந்த கேள்விகளை எழுதித் தர வேண்டும். சின்ன வயதில் வளர்த்த ஆட்டுக்குட்டியின் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "என்னடி, செவலை பேரெல்லாம் எழுதுற?" என்றாள். பாஸ்வேர்டு என்று சொல்லிவிட்டேன்.

அடிஸ் அபாபா வழியாகத் தெற்கு சூடான் தலைநகர் ஜூபா. விமான நிலைய வாசலில் டிரைவர் பிடித்திருந்த அட்டையில் அப்பா பெயர். மனுஷர் திருச்செந்தூரைத் தாண்டிப் போனதில்லை. பென்டியுவுக்குச் சின்ன விமானம், கைப்பையோடு சேர்த்து 20 கிலோதான் என்றார்கள். ஊறுகாய் பாட்டிலா, ரப்பர் பூட்ஸா என்று வந்தபோது ஊறுகாயை விட்டேன். சரியான முடிவு. 2021இல் ஏறிய வெள்ளம் வருடக்கணக்கில் வடியாத ஊர் அது. வீடு இழந்து வந்தவர்களின் முகாமைச் சுற்றி மண் கரை கட்டி, தண்ணீருக்கு நடுவே ஜனங்கள் வாழ்கிறார்கள்.

வேலையைப் பற்றி எழுதினால் இது வேறு கட்டுரையாகிவிடும். குழந்தைக்கு ஊட்டச்சத்துக் குறைவு எவ்வளவு என்று பார்க்க மேல்கையைச் சுற்றி அளக்கும் பட்டை 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு. சிவப்பில் வந்து, கூடவே காய்ச்சலோ வீக்கமோ இருந்தால், வார்டில் சேர்த்து, இப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்றே தயாரிக்கும் எஃப்-75 பால், மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, அளந்து. பசித்த குழந்தைக்கு நிறையக் கொடுத்துவிடத்தான் கை போகும். ஆனால் உடம்பு தாங்காது, அவசரப்பட்டால் இதயமே நின்றுவிடும். இதை எனக்குப் பொறுமையாகச் சொல்லித் தந்தவர் அந்த ஊர் நர்ஸ், முகாமிலேயே வளர்ந்தவர். வார்டை நடத்தியது அவரைப் போன்றவர்கள்தான். நுவேர் மொழியில் வணக்கம் சொல்ல 'மாலே' என்பார்கள். காலையிலும் மாலே என்று சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பாக வரும். ஒரு ராத்திரி அந்த நேர்காணல் கேள்வி அப்படியே எதிரே வந்தது. குழந்தை மூன்று, கான்சன்ட்ரேட்டர் ஒன்று. ஃப்ளோ ஸ்ப்ளிட்டர் வைத்து ஓட்டத்தைப் பிரித்துக் கொடுத்தோம். மூன்றாவது குழந்தைக்கு அது போதவில்லை.

மலேரியா வராமல் இருக்க டாக்ஸிசைக்ளின் மாத்திரை எடுத்தேன், தினம் ஒன்று. விலை குறைவு, ஆனால் வெயிலில் தோல் எரியும். ஊருக்குத் திரும்பிய பிறகும் நாலு வாரம் விழுங்க வேண்டும். வீட்டுச் சாப்பாட்டைப் பார்த்ததும் மறந்துவிடாதீர்கள்.

ஒன்பது மாதம் கழித்துச் சென்னையில் இறங்கியபோது, இமிக்ரேஷனுக்கு முன்னால் சுகாதார மேஜையில் நிறுத்தினார்கள். மஞ்சள் காய்ச்சல் நாடுகளிலிருந்து செல்லுபடியாகும் அட்டை இல்லாமல் வந்தால் ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். எனக்கு முன்னால் நின்றவர் அட்டையைப் பெட்டிக்குள் போட்டுச் செக்-இன் செய்துவிட்டு வியர்த்துக்கொண்டிருந்தார். நான் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதிகாரி அட்டையையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தார். அப்பா பெயர் இரண்டிலும் முழுசாக இருந்தது. முத்திரை குத்தி, "போங்கம்மா" என்றார்.