கோபக்காரக் கூட்டம்

ஜூன் பிறந்ததும் எனக்கு வரும் போன்களின் பேச்சு மாறிவிடும். பிப்ரவரி, மார்ச்சில் கூப்பிடுகிறவர்கள் "தேன் எடுக்க எப்போ வருவீங்க?" என்று கேட்பார்கள். அதே ஆட்கள் ஜூனில், "பெட்டியை எடுத்துட்டுப் போயிருங்க, பக்கத்துல போக முடியல" என்பார்கள். மார்த்தாண்டம், குழித்துறை, திருவட்டாறு பக்கம் வீட்டு விளைகளில் (தோட்டங்களில்) இருக்கும் தேனீப் பெட்டிகளைப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். வருஷத்தில் பாதி நாள் தேனைப் பற்றிய பேச்சு, மீதி நாள் அது கொட்டுவதைப் பற்றிய பேச்சு.

எங்கள் ஊர்த் தேனில் பெரும்பங்கு ரப்பரிலிருந்து வருகிறது. அதுவும் பூவிலிருந்து அல்ல. ஜனவரி வாக்கில் இலை உதிர்ந்து, புதுத் தளிர் விடும்போது, மூன்று இலைகளும் காம்பில் சேர்கிற முனையில் சின்னச் சுரப்பிகள் இருக்கும். அதில்தான் மது ஊறும். இலை முற்றினால் ஊறுவது நின்றுவிடும். அப்புறம் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். சீசனில் பெருகிய கூட்டம் அப்படியே உள்ளே இருக்கும். வெளியே தீனி இருக்காது. இருக்கிற கொஞ்சத் தேனைக் காப்பாற்ற வேண்டும் என்பதால் வாசலில் காவல் கூடும். சாதுவான பெட்டிகூட அந்த மாதங்களில் கொஞ்சம் முறைக்கும். அதனால் ஜூனில் வரும் புகார்களில் பாதிக்கு மேல் தேனீயின் குணத்தைப் பற்றியவை அல்ல, அதன் பசியைப் பற்றியவை.

ஆனால் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வீட்டுப் பெட்டி அந்தக் கணக்கில் வரவில்லை. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

டீச்சர் வீட்டுப் பின்பக்கம் அகலமான இடம் கிடையாது. கிணறு, துணி காயப்போடும் கொடி, ஒரு பிலா மரம், அதன் அடியில் பெட்டி. மதிலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீட்டின் அடுக்களை. மரத்தில் கட்டியிருந்த ஆட்டை ஒரு நாள் மத்தியானம் தேனீக்கள் மொய்த்துக் கொட்டிவிட்டன. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதால் ஆடு பிழைத்தது. அடுத்த வாரம், பக்கத்து வீட்டு மருமகள் துணி எடுக்க வெளியே வந்தபோது நெற்றியில் ஒன்று, கையில் ஒன்று. அந்த வீட்டுக்காரர் டீச்சரிடம் சண்டைக்கு வரவில்லை, ஆனால் முடிவோடு வந்திருந்தார். நான் போனபோது அவரும் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, ராத்திரி ஓலையைச் சுருட்டித் தீ வச்சா ஒரு நிமிஷ வேலை. சின்னப் புள்ளைங்க இருக்கிற வீடு."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. மனுஷர் வாழும் இடத்தில் மனுஷர் பாதுகாப்புதான் முதலில். அதை நானும் அவரிடம் சொன்னேன். ஆனால் தீ என்ற வார்த்தையைக் கேட்டால் எங்கள் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு மனசு தாங்காது. 1991, 92இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து, தென்னிந்தியாவில் நாம் பெட்டியில் வளர்க்கும் நாட்டுத் தேனீயான அடுக்குத் தேனீயின் குடும்பங்களில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டது. புழுக்கள் அறைக்குள்ளேயே நீர்ப்பை மாதிரி ஊறிச் செத்தன. வரிசையாகக் காலிப் பெட்டிகளை அடுக்கி வைத்துவிட்டுத் தொழிலையே விட்டவர்கள் எங்கள் ஊரில் உண்டு. இன்று நம் விளைகளில் பறப்பவை, அதில் மிஞ்சியவற்றின் வாரிசுகள். ஒரு குடும்பத்தை எரிப்பதற்கு முன்னால் அது ஏன் கொட்டுகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

பார்ப்பது என்றால் உடனே மூடியைத் திறப்பது இல்லை. முதலில் தள்ளி, பக்கவாட்டில் உட்கார்ந்து வாசலைப் பார்ப்பேன். தேனீக்கள் வாசலில் கட்டிப் புரண்டு சண்டை போட்டால், பலகையில் மெழுகுத் துணுக்குகள் சிதறிக் கிடந்தால், வேறு பெட்டித் தேனீ கொள்ளையடிக்க வருகிறது என்று அர்த்தம். குளவி வந்து வாசலில் வட்டமிடுகிறதா, எறும்பு ஏறுகிறதா, காலடியில் அறுகம்புல் வெட்டும் மெஷின் ஓடியதா, எல்லாம் பார்க்க வேண்டும். அப்புறம் பெட்டியின் பக்கவாட்டில் விரல் மூட்டால் ஒரே ஒரு தட்டு. காதை வைத்தால், ராணி உள்ள குடும்பம் 'ஸ்ஸ்' என்று ஒரு மூச்சு சீறி அடங்கும். ராணி இழந்த குடும்பம் அடங்காது; முனகல் இழுத்துக்கொண்டே போகும். ராணி இல்லாத கூட்டம் சிடுசிடுப்பாக இருப்பது சகஜம்.

டீச்சர் வீட்டில் சீறல் சட்டென்று அடங்கியது. ராணி இருக்கிறது. எறும்பு இல்லை, நான்கு கால்களுக்கும் தண்ணீர்க் கிண்ணம் ஒழுங்காக வைத்திருந்தார். ஒரு காரணம் மட்டும் கண்ணில் பட்டது. பெட்டிக்குப் பக்கத்தில், திறந்த சிரட்டையில் சர்க்கரைப் பாகு.

"தீனி இல்லாத காலம்னு நீங்கதானே சொன்னீங்க தம்பி. அதான் பகல்ல ஊத்தி வைக்கேன்."

"கொடுக்கணும் டீச்சர். ஆனா இருட்டின பிறகு, பெட்டிக்கு உள்ளே. வெளியே வச்சா ஊர்த் தேனீ பூரா இங்கதான் வரும். வந்து ருசி பார்த்தது பெட்டிக்குள்ளேயும் நுழையப் பார்க்கும்."

அன்றே வாசலை இரண்டு தேனீ நுழையும் அளவுக்குக் குறுக்கினேன். பெட்டிக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு மேல் ஓர் ஓலைத் தட்டி கட்டினோம். தட்டி இருந்தால் தேனீ வாசலை விட்டதும் நேரே மேலே ஏறித்தான் பறக்க வேண்டும். கொடியில் துணி போடுகிறவரின் முகமட்டத்தில் குறுக்கே பறக்காது. ஆட்டை வேறு பக்கம் கட்டச் சொன்னேன். கொடியை வீட்டின் முன்பக்கம் மாற்றினார்கள். சாதாரணப் பெட்டிக்கு இவ்வளவு போதும். ஒரு வாரத்தில் ஆறிவிடும்.

இது ஆறவில்லை. மறுபடி போனபோது கறுப்புத் துணி வைத்துப் பார்த்தேன். நீளக் கம்பின் நுனியில் உள்ளங்கை அளவு கறுப்புத் துணியைக் கட்டி, வாசல் முன்னால் கொஞ்ச நேரம் ஆட்டி எடுத்துவிட வேண்டும். தேனீயின் எதிரிகள் பெரும்பாலும் கருநிறமும் ரோமமும் உள்ளவை. அதனால் கறுப்பைக் கண்டால் அதற்கு ஆகாது. சாதுப் பெட்டியில் ஒன்றிரண்டு வந்து முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். இங்கே துணியே தெரியவில்லை. தள்ளிப் போய் முகவலையைத் தூக்கிப் பார்த்தேன். துணி முழுக்கக் கொடுக்குகள் தைத்து நின்றன. ஒவ்வொன்றின் முனையிலும் வெள்ளையாக ஒரு நஞ்சுப்பை. தேனீ உடலை விட்டு அறுந்த பிறகும் அது சுருங்கி விரிந்து தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. மூக்கருகில் கொண்டுபோனால் பழுத்த வாழைப்பழ வாசம். அந்த வாசம்தான் மற்றத் தேனீக்களுக்கு 'இங்கே கொட்டு' என்ற அழைப்பு. ஒருவருக்கு ஓரிடத்தில் கொட்டு விழுந்தால் அதே இடத்தில் அடுத்ததும் விழுவது இதனால்தான். கொடுக்கை எப்படி எடுப்பது என்று யோசிக்காமல், நகத்தால் உடனே வழித்துவிட வேண்டும். அங்கேயே நின்று கையை வீசக் கூடாது. விலகிப் போய் அந்த இடத்தைக் கழுவ வேண்டும்.

என்னைத் துரத்தி வந்த தேனீக்கள் டீச்சர் வீட்டு முன்வாசல் வரை வந்தன. காவல் தேனீ நாலைந்து எட்டு தூரம் துரத்தும், அப்புறம் விட்டுவிடும். வீட்டைச் சுற்றி முன்பக்கம் வரை வருவது பசி அல்ல. அது ரத்தத்தில் உள்ள குணம்.

குணம் வழிவழியாக வரும் என்பதற்குப் பெரிய சாட்சி பிரேசில். 1956இல் வார்விக் கெர் என்ற மரபியல் அறிஞர், வெப்பநாட்டுக்கு ஏற்ற தேனீ வேண்டும் என்று ஆப்பிரிக்காவிலிருந்து ராணிகளைக் கொண்டுவந்தார். அடுத்த வருஷம் அவற்றில் 26 குடும்பங்கள் வெளியே போய்விட்டன. அங்கே ஏற்கெனவே இருந்த ஐரோப்பியத் தேனீயோடு கலந்து, தலைமுறை தலைமுறையாக வடக்கே பரவி, 1990இல் அமெரிக்காவின் டெக்சாஸ் வந்து சேர்ந்தது அந்த ஆவேசம். நம் அடுக்குத் தேனீ வேறு இனம், அந்த அளவுக்கு என்றுமே போகாது. ஆனாலும் ராணியின் குணமும், அது கூடிய ஆண் தேனீக்களின் குணமும் பிள்ளைகளுக்கு வரும் என்பது எல்லாத் தேனீக்கும் ஒன்றுதான்.

அப்படியானால் ராணியை மாற்ற வேண்டும். சிக்கல், ஆடி மாதத்தில் அதைச் செய்ய முடியாது. தீனி குறைந்தால் கூட்டம் முதலில் ஆண் தேனீ வளர்ப்பதை நிறுத்திவிடும். புது ராணி பிறந்தாலும் இணை சேர ஆண் தேனீ இருக்காது, போதாக்குறைக்கு மழை. அக்டோபருக்குப் பிறகு குடும்பங்கள் பெருகத் தொடங்கும்போதுதான் அதற்கு நேரம் வரும். அதுவரை அந்தப் பெட்டியை வீடுகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு 'பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று யாரிடமும் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

மழை விட்ட ஓர் இரவில் பெட்டியை எடுத்தோம். இருட்டி, வெளியே போனவை எல்லாம் திரும்பிய பிறகு, வாசலைக் கம்பி வலையால் அடைத்து, மூடியையும் அடிப்பலகையையும் சேர்த்துக் கயிற்றால் இறுக்கி, ஆட்டோவில் ஏற்றினோம். சிவப்புத் துணி சுற்றிய டார்ச் வெளிச்சம் போதும். சிவப்பு அதன் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்துத் தெருவுக்கு மாற்றினால் மறுநாளே பழைய இடத்துக்குத் திரும்பி வந்து காற்றில் சுற்றும். அதனால் சில கிலோமீட்டர் தள்ளி, பால் வெட்டாத ஒரு ரப்பர் விளையின் மூலையில், நடைபாதையை விட்டு உள்ளே இறக்கினேன்.

அக்டோபர் கடைசியில் வேலையைத் தொடங்கினேன். நல்ல வெயில் உள்ள காலை, வெளிவேலைத் தேனீக்கள் பெரும்பாலும் போயிருக்கும் நேரம். தேங்காய் நார்ப் புகையை வாசலில் இரண்டு ஊது ஊதிவிட்டுக் காத்திருந்தேன். புகை அந்த வாழைப்பழ வாசத்தை மறைத்துவிடும். முதல் வேலையாக, ஆண் தேனீ அறைகள் இருந்த தேனடையை வெட்டினேன். அடுக்குத் தேனீயில் அதைக் கண்டுபிடிப்பது எளிது: மேல்மூடியின் நடுவில் ஊசி குத்தியதுபோல ஒரு துளை இருக்கும். அவற்றை விட்டுவைத்தால் இந்தக் குணம் அக்கம்பக்கத்துப் பெட்டிகளுக்கெல்லாம் போகும். அப்புறம் அடை தொங்கும் மரச்சட்டங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பழைய ராணியைப் பிடித்து எடுத்தேன். மனசுக்குச் சுகமான வேலை இல்லை அது. தன் குடும்பத்தை மழைக்காலம் முழுக்க நிறுத்திய ராணி.

மறுநாள், என்னிடம் இருப்பதிலேயே சாதுவான குடும்பத்திலிருந்து முற்றிய ராணி அறை ஒன்றை அடைத்துண்டோடு வெட்டி வந்து பொருத்தினேன். முற்றிய அறையின் நுனி மெழுகைத் தேனீக்களே சுரண்டிவிட்டு, உள்ளே பழுப்புக் கூடு தெரியும். அதைத் தலைகீழாகச் சாய்க்காமல் கொண்டுவர வேண்டும். பெட்டித் தேனீக்கள் தாங்களாகக் கட்டத் தொடங்கிய ராணி அறைகளை ஒன்று விடாமல் கலைத்தேன். ஒன்று தப்பினாலும் பழைய ராணியின் மகளே பட்டத்துக்கு வந்துவிடும்.

புது ராணி முட்டையிடத் தொடங்கிய பிறகும் பெட்டி சில வாரம் அப்படியேதான் சீறியது. உள்ளே இருப்பவை பழைய ராணியின் பிள்ளைகள். அவை ஐந்தாறு வாரத்தில் ஆயுள் முடிந்து போகப் போக, புதியவை அந்த இடத்துக்கு வரும். பொங்கலுக்கு முன்னால் கறுப்புத் துணியை மறுபடி ஆட்டிப் பார்த்தேன். இரண்டு தேனீ வந்து முட்டின. கொடுக்கு ஒன்றுகூட இல்லை.

டீச்சரிடம் சொன்னதும், "அப்போ கொண்டு வந்துரலாமா?" என்றார். ரப்பர் சீசன் வரப்போகிறது, ஆசை இருக்காதா.

கொண்டு வரவில்லை. பக்கத்து வீட்டு மருமகளுக்கு முதல் தடவை நெற்றி வீங்கியதோடு போயிற்று. பெட்டியை எடுப்பதற்கு முந்தைய வாரம் மறுபடி ஒரு கொட்டு விழுந்தபோது, கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, குரல் கம்மி, மூச்சு வாங்க ஆரம்பித்திருக்கிறது. சுண்ணாம்பு தடவி உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் தப்பினார். அது ஒவ்வாமை. அப்படிப்பட்ட ஒருவருக்கு எந்தத் தேனீயும் சாதுவான தேனீ கிடையாது. ஒரே கொட்டு போதும். மதிலுக்கு அந்தப் பக்கம் அவர் இருக்கும்வரை அந்தப் பின்பக்கத்தில் பெட்டி வைக்கக் கூடாது என்று டீச்சரிடம் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சரி தம்பி, அந்தப் பொண்ணு நல்லா இருக்கட்டும். பெட்டி அங்கேயே இருக்கட்டும், பங்கு வச்சுக்கிடலாம்" என்றார். ரப்பர் விளைக்காரரிடம் பேசி, எடுக்கிற தேனில் ஒரு பங்கு அவருக்கு என்று முடித்தோம். இப்போது புதுக் குடும்பம் கேட்டு வருகிறவர்களிடம் இடம் எப்படி, தண்ணீர் எப்படி என்று கேட்பதற்கு முன்னால், வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் யாருக்காவது தேனீ, குளவி கொட்டி மூச்சு முட்டியது உண்டா என்று கேட்டுவிடுகிறேன். உண்டு என்றால் பெட்டி கொடுப்பதில்லை.