பொருந்தியும் வீணான திறன்

868 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் ஒரு சிறிய கம்பியில்லா உணர்கருவிக்கு இம்பீடன்ஸ் மேட்சிங், அதாவது திறன் திரும்பி வராமல் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேரும்படி மின்மறுப்பைப் பொருத்தும் பணி, என்னிடம் வந்தபோது, பலகையில் இரண்டே உறுப்புகள் கொண்ட பொருத்தச் சுற்று ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதன் ரிட்டர்ன் லாஸ் 14 டெசிபெல்; இந்த எண் கூடக் கூட, மூலத்துக்குத் திரும்பி வரும் திறன் குறையும். அதை மேம்படுத்த வேண்டும் என்பதே எனக்குச் சொல்லப்பட்டது. ஆன்டெனாவை அளந்த கோப்பை மென்பொருளில் ஏற்றி, நான்கு உறுப்புகளுக்கு இடம் கொடுத்து, 20 டெசிபெலுக்கு மேல் வேண்டும் என்ற ஒற்றை இலக்கோடு, உறுப்புகளின் மதிப்புகளைத் தானே தேடும் ஆப்டிமைசரை ஓடவிட்டேன். சில நிமிடங்களில் 22 டெசிபெல் தரும் சுற்று கிடைத்தது. அதே மதிப்புகளைச் சால்டர் செய்து, திரும்பும் அலையை அளக்கும் நெட்வொர்க் அனலைசரில் பார்த்தபோது 21 வந்தது. கணக்கும் அளவீடும் அவ்வளவு நெருங்கி நின்றதில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி.

ஆனால் எதிரொலியற்ற அறையில் கதிர்வீச்சை அளந்தபோது, புதிய சுற்று பழையதைவிட ஏறத்தாழ 1 டெசிபெல் குறைவாகவே வெளியிட்டது. ஆன்டெனாவை அடைய வேண்டிய திறனில் ஐந்தில் ஒரு பங்கு எங்கோ காணாமல் போயிருந்தது.

காரணம் நான் வைத்த இலக்கிலேயே இருந்தது. ரிட்டர்ன் லாஸ் என்பது மூலத்தை நோக்கித் திரும்பி வராத திறனை மட்டுமே சொல்கிறது. அந்தத் திறன் ஆன்டெனாவுக்குப் போனதா, வழியிலேயே வெப்பமாக மாறியதா என்பதை அது சொல்வதில்லை. திறனைக் குறைக்கும் 10 டெசிபெல் அட்டெனுவேட்டர் ஒன்றை வைத்து அதன் மறுமுனையைத் திறந்தே விட்டாலும், போக 10, வர 10 என அனலைசர் 20 டெசிபெல் ரிட்டர்ன் லாஸ் காட்டும், அங்கே ஆன்டெனாவே இல்லாதபோதும். 14 டெசிபெலில் திரும்பி வருவது 4 விழுக்காடு. 22 டெசிபெலில் அரை விழுக்காட்டுக்குச் சற்று மேல். இந்த முன்னேற்றத்தால் கிடைப்பது வெறும் 0.15 டெசிபெல். அதற்காக ஆப்டிமைசர் கூடுதலாகச் சேர்த்த மின்தூண்டி, அதன் க்யூ மதிப்பு (இது குறைந்தால் உறுப்பின் இழப்பு கூடும்) 40க்கு அருகில்தான் என்பதால், பெற்றதைவிடப் பல மடங்கைத் தின்றுவிட்டது.

பெல் ஆய்வகப் பொறியாளர் ஃபிலிப் ஸ்மித் 1939இல் வெளியிட்ட, மின்மறுப்பை ஒரு வட்டத்துக்குள் புள்ளியாகக் காட்டும் வரைபடத்தில் அந்தச் சுற்றின் பாதையை நான் ஒருமுறை வரைந்து பார்த்திருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும். ஆன்டெனாவின் புள்ளியிலிருந்து கிளம்பிய பாதை முழுப் பொருத்தத்தைக் குறிக்கும் மையத்துக்கு நேராக வராமல், வரைபடத்தின் விளிம்புவரை போய்ச் சுற்றித் திரும்பியது. விளிம்பருகே போவது என்றால் உறுப்புகளில் மின்னோட்டமோ மின்னழுத்தமோ மிகுதியாகச் சுழல்கிறது என்று பொருள். இழப்பு அங்கேதான் நிகழ்கிறது. என் திரையில் ரிட்டர்ன் லாஸ் வளைவு மட்டுமே திறந்திருந்தது.

அதன்பின் இலக்கை மாற்றினேன்: மூலம் தரக்கூடிய திறனில் ஆன்டெனாவுக்குள் சேரும் பங்கு எவ்வளவு என்பதே இப்போது ஆப்டிமைசர் உயர்த்த வேண்டிய எண். அதற்கு இலட்சிய மின்தூண்டிகள் போதாது. உறுப்புகளின் உண்மையான நடத்தையைப் பதிந்து உற்பத்தியாளர் தரும் எஸ் அளவுருக் கோப்புகளை ஏற்றி, சந்தையில் உள்ள மதிப்புகளுக்குள் மட்டுமே தேடச் சொல்ல வேண்டும். பலகையின் தரைத்தளத்துக்குச் செல்லும் ஒவ்வொரு துளையும் அரை நானோஹென்றி அளவுக்கு மின்தூண்டலைச் சேர்க்கக்கூடும் என்பதால் அதையும் மாதிரியில் வைத்தேன். 868 மெகாஹெர்ட்ஸில் அது மூன்று ஓமுக்குக் குறைவுதான், 2.45 கிகாஹெர்ட்ஸில் எட்டு ஓமை நெருங்கும்.

இவை எல்லாவற்றுக்கும் அடித்தளமான ஆன்டெனா அளவீட்டையும் திரும்பச் செய்தேன். மெல்லிய கோஆக்சியல் கம்பியின் உள் இழையைப் பொருத்தச் சுற்றின் உறுப்பு அமரும் செம்புப் பரப்பான பேடிலேயே சால்டர் செய்து, அதன் வெளியுறையை ஒட்டியிருக்கும் தரைப்பகுதியில் இணைத்தேன். பிறகு பேடைத் தரையோடு ஒரு சால்டர் துளியால் குறுக்கிணைத்து, திரையில் சிதறிக் கிடந்த புள்ளிகள் ஸ்மித் வரைபடத்தின் இடது ஓரத்தில் ஒன்றாகக் குவியும்வரை கம்பியின் நீளத்தைக் கணக்கிலிருந்து கழிக்கும் போர்ட் எக்ஸ்டென்ஷனை நகர்த்தினேன். பொறுமையைச் சோதிக்கும் வேலை இது. ஆயினும் 2.45 கிகாஹெர்ட்ஸில் சாதாரணக் கண்ணாடியிழைப் பலகையில் 1 மில்லிமீட்டர் பிழையே எதிரொளிப்பின் கட்டத்தைச் சுமார் 10 பாகை திருப்பிவிடும் என்பதால், இதைத் தவிர்ப்பவரின் ஆப்டிமைசர் வேறோர் ஆன்டெனாவுக்கே விடை தேடும்.

அலைவரிசைப் பட்டை அகலமாகும்போது இன்னொரு தடை வருகிறது. 698 முதல் 960 மெகாஹெர்ட்ஸ்வரை, க்யூ 20 உள்ள (ஆன்டெனாவில் இந்த எண் உயர்ந்தால் பட்டை குறுகும்) சிறிய ஆன்டெனாவை இழப்பில்லாமல் பொருத்த முயன்றால், எத்தனை உறுப்புகளைச் சேர்த்தாலும் பட்டை முழுவதும் ரிட்டர்ன் லாஸ் 4.3 டெசிபெலுக்கு மேல் கிடைக்காது என்கிறது, பொருத்தத்துக்கான கோட்பாட்டு உச்சவரம்பான போடே–ஃபானோ எல்லை. அங்கே 10 டெசிபெல் காட்டும் விடையை மென்பொருள் தந்தால், இழப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதே முதல் வேலை.

உணர்கருவிக்குத் திரும்பினால், புதிய இலக்கோடு வந்த விடைகளை உறுப்புகளின் ஏற்கத்தக்க பிழைக்குள் மதிப்புகளைத் தற்செயலாக மாற்றிப் பலமுறை கணக்கிடும் மான்டே கார்லோ முறையில் சிதறவிட்டுப் பார்த்தேன். 1 பிகோஃபாரட் மின்தேக்கியில் 0.1 பிகோஃபாரட் பிழை என்பது பத்தில் ஒரு பங்கு. நான்கு உறுப்புச் சுற்றுகள் அதில் நிலைகுலைந்தன; இரண்டு உறுப்புச் சுற்று சற்றே அசைந்ததோடு சரி. அதன் மதிப்புகளை மட்டும் ஓரளவு திருத்தினேன். நான் கேட்டு வாங்கியிருந்த நான்கு இடங்களில் ஒன்று வெறுமையாகவும், இன்னொன்று பூஜ்ஜிய ஓம் மின்தடையோடும் பலகை உற்பத்திக்குப் போயிற்று.