ஆர்சி தொலைந்ததும் ஸ்டேஷன் போகாமல் எல்டிஆர் எடுத்தோம்

அப்பாவின் வண்டி ஆர்சியும் லைசென்ஸும் இருந்த பை பஸ் மாறும்போது எங்கேயோ விழுந்துவிட்டது. "இதுக்காக ஸ்டேஷன் படி ஏறணுமா" என்று அம்மாவுக்கு ஒரே கவலை.

போக வேண்டியதில்லை. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவணங்களுக்கென்று எல்டிஆர் (Lost Document Report, அதாவது தொலைந்த ஆவண அறிக்கை) என்ற சேவை இருக்கிறது. பாஸ்போர்ட், ஆர்சி, லைசென்ஸ், பள்ளி கல்லூரிச் சான்றிதழ், அடையாள அட்டை இவற்றுக்கெல்லாம் பொருந்தும். பெயர், விலாசம், எந்த இடத்தில் தொலைந்தது என்று நிரப்பி, மொபைலுக்கு வரும் ஓடிபியைப் போட்டால் எண்ணோடு அறிக்கை வந்துவிடும், பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள், இது தொலைந்ததற்கான பதிவுதான், போலீஸ் இதை வைத்துத் தேடமாட்டார்கள். திருட்டு என்றால் முறையாகப் புகார்தான் கொடுக்க வேண்டும்.

பேப்பரைப் பார்த்த அப்பா, "கையெழுத்தும் இல்ல, சீலும் இல்ல, இதை யாரு வாங்குவா?" என்றார். டூப்ளிகேட் ஆர்சிக்குப் போன இடத்தில் கவுண்டரில் இருந்தவரும் அச்சு அசலாக அதையே சொன்னார், ஸ்டேஷன் சீல் வாங்கிட்டு வாங்க என்று. நான் நகரவில்லை. சார், அதே தளத்தில் இந்த எண்ணைப் போட்டால் உண்மையா இல்லையா என்று தெரிந்துவிடும், நீங்களே பாருங்கள் என்று போனை நீட்டினேன். பார்த்தார், உள்ளே போய் மேலதிகாரியிடம் கேட்டார், அப்புறம் வாங்கிக்கொண்டார்.

மக்கள் ஆன்லைனை நம்புவதில்லை என்று சொல்கிறார்கள், எனக்கு அது பாதிதான் சரியென்று படுகிறது. ஸ்டேஷனுக்குப் போகத் தயங்கும் ஜனங்கள், குறிப்பாகப் பெண்கள், இப்படி ஒரு வழிக்காகத்தான் காத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு துறை கொடுக்கும் பேப்பரை இன்னொரு துறையின் கவுண்டர் திருப்பி அனுப்பினால் அடுத்த முறை யார் அந்தத் தளத்தைத் திறப்பார்கள்? எல்டிஆர் செல்லும் என்று ஒவ்வொரு கவுண்டரிலும் எழுதி ஒட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இதைக் கேள்விப்பட்டுப் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். அவருடைய சங்கிலிப் பறிப்பு வழக்கின் எஃப்ஐஆர் நகலுக்கு நாளைக்கு வா, நாளைக்கு வா என்று அலையவிட்டிருக்கிறார்கள். புகார் கொடுத்தவருக்கு நகல் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். அதோடு 2016-லேயே உச்ச நீதிமன்றம், பாலியல் குற்றம், தீவிரவாதம் மாதிரியானவை தவிர மற்ற எஃப்ஐஆர்களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றச் சொல்லிவிட்டது. அதே காவல்துறை தளத்தில் மாவட்டம், ஸ்டேஷன், வருஷம், எண் கொடுத்துத் தேடி அங்கேயே எடுத்துக் கொடுத்தேன்.

புகாரையே ஆன்லைனில் கொடுக்க நினைப்பவர்களுக்கு: 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பிஎன்எஸ்எஸ்) 173-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் அது எஃப்ஐஆராகப் பதிவாகும். அனுப்பியாச்சு என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.