98 காட்டிய கருவி

இரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்ஸிமீட்டரில், அம்மாவுக்கு 98 என்று பார்த்துவிட்டு நிம்மதியாகப் போய்ப் படுத்தவன் நான். அந்த எண்ணை நம்பியது எவ்வளவு பெரிய தப்பு என்று மறுநாள் காலையில் தெரிந்தது.

அம்மா கும்பகோணம் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருந்தவர். 30 வருடம் விடியற்காலை 3 மணிக்கு எழுந்து சீமைக் கருவேல விறகைப் பற்றவைத்தவர். கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. புகையில் பாதி அதன் வழியாகப் போயிற்று, மீதி அம்மாவின் நெஞ்சுக்குள் போயிற்று. பீடி வாசனையே ஆகாதவருக்கு நுரையீரல் கெட்டிருக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. படி ஏறினால் இளைக்கும், வயதாகிவிட்டது என்பார். மழைக்காலத்தில் சளி கட்டும். ஓர் ஊசி போட்டுக்கொண்டு வருவோம்.

போன கார்த்திகையில் சளியோடு காய்ச்சலும் வந்தது. கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரைத் தேடி எடுத்து விரலில் மாட்டினால் 84. மாமா எங்கிருந்தோ ஒரு சிலிண்டரை வாடகைக்குக் கொண்டுவந்துவிட்டார். யாரையும் கேட்காமல் நிமிடத்துக்கு 5 லிட்டர் ஆக்ஸிஜன் வருமாறு திருப்பிவைத்தேன். சற்று நேரத்தில் 98. மூச்சு வாங்குவது குறைந்து அம்மாவுக்குக் கண் சொக்கியது. மூன்று ராத்திரியாகத் தூங்காதவர், தூங்கட்டும் என்று சித்தி விளக்கை அணைத்தார்.

காலையில் எழுப்பியபோது, “மாவு பொங்கிவிட்டதா?” என்று கேட்டார். கடையை மூடி ஆறு வருடம் ஆகிறது. காபி டம்ளரை வாங்க நீட்டிய கை, மணிக்கட்டில் சிறகடிப்பதுபோல் வெட்டி வெட்டி ஆடியது. தலை வெடிக்கிறது என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே மறுபடி தூங்கிப்போனார். கருவியில் அப்போதும் 98தான்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் சிலிண்டர் கதையைக் கேட்டதும் முதல் வேலையாக ஆக்ஸிஜனைக் குறைத்தார். எனக்குப் பகீரென்றது. பிறகு மணிக்கட்டில் நாடி பார்க்கும் இடத்தில் ஊசி போட்டு இரத்தம் எடுத்தார். இரத்தத்தில் உள்ள வாயுக்களை அளக்கும் இந்தச் சோதனையை ஏ.பி.ஜி. என்கிறார்கள். வழக்கம்போல் சிரையில் எடுக்காமல் தமனியிலிருந்து எடுப்பதால் வலி அதிகம். அரை மயக்கத்திலும் அம்மா முகத்தைச் சுளித்தார். எடுத்த இடத்தை ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிக்கும் வேலை எனக்கு.

கரியமில வாயு 35 முதல் 45 வரை இருக்க வேண்டும், அம்மாவுக்கு 78. இரத்தத்தின் பிஹெச், அதாவது அமில-கார அளவு, 7.35க்குக் கீழே போகக் கூடாது, 7.24 இருந்தது. “உங்கள் கருவி ஆக்ஸிஜன் உள்ளே போவதை மட்டும் பார்க்கும். கெட்ட காற்று வெளியே போகிறதா என்று அதற்குத் தெரியாது” என்றார் டாக்டர். ஆக்ஸிஜன் மட்டும் குறைந்தால் அது சுவாசச் செயலிழப்பில் முதல் வகை. நிமோனியாவில் பெரும்பாலும் அப்படித்தான். கரியமில வாயுவும் சேர்ந்து தேங்கினால் இரண்டாம் வகை. அம்மாவுடையது அது. இப்படி நாள்பட்ட நோயுள்ள நுரையீரலுக்கு அளவுக்கு மீறி ஆக்ஸிஜன் கொடுத்தால் தேக்கம் இன்னும் கூடும். 88 முதல் 92 வரை இருந்தால் போதுமாம். சித்தி தூக்கம் என்று நினைத்தது கரியமில வாயு மயக்கம்.

தூக்க மாத்திரை சாப்பிடுவாரா, கை கால் பலவீனம் உண்டா என்றெல்லாம் டாக்டர் துருவித் துருவிக் கேட்டது அப்போது எரிச்சலாக இருந்தது. ஐ.சி.யூ.வில் அடுத்த கட்டிலைப் பார்த்ததும் புரிந்தது. வயலில் படுத்திருந்தபோது கட்டுவிரியன் கடித்த ஒருவர் அங்கே வென்டிலேட்டரில் இருந்தார். அவருடைய நுரையீரலில் ஒரு குறையும் இல்லை. விஷத்தால் மூச்சுத் தசைகள் வேலை செய்யவில்லை. மூளை, நரம்பு, தசை, நுரையீரல் என்று எது சோர்ந்தாலும் மூச்சு நின்றுபோகலாம்.

நெபுலைசர், ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக் எல்லாம் ஒரு பக்கம் நடந்தன. பெரும்பாடு பைபேப்தான். முகத்தில் இறுக்கிக் கட்டும் மாஸ்க் வழியாக, மூச்சை இழுக்கும்போது அதிக அழுத்தத்திலும் விடும்போது குறைந்த அழுத்தத்திலும் காற்றைத் தள்ளும் இயந்திரம். முதல் ஒரு மணி நேரம் அம்மா அதைப் பிய்த்து எறியப் பார்த்தார். இது ஒத்துவராவிட்டால் தொண்டையில் குழாய் போட வேண்டும் என்று சொல்லி என்னிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். நர்ஸ் மாஸ்க்கைக் கட்டாமல் கையால் முகத்தில் பிடித்துக்கொண்டு, “மெஷின் தள்ளும்போது இழுங்கம்மா, இப்போது விடுங்கள், அவ்வளவுதான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மாவின் மூச்சு அந்தத் தாளத்துக்குள் வந்த பிறகுதான் வாரைக் கட்டினார். கோடி ரூபாய் கொடுத்தாலும் தகும் அந்தப் பொறுமைக்கு.

இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ஏ.பி.ஜி.: கரியமில வாயு 62, பிஹெச் 7.31. மறுநாள் 52. மூக்குத் தண்டில் மாஸ்க் அழுத்திப் புண்ணாகியிருந்தது. அன்று சாயங்காலம் அம்மா பேசிய முதல் வார்த்தை, “இந்த ஆஸ்பத்திரி இட்லி கல்லு.”

உடம்பு தேறி ஆறு வாரம் கழித்து, மூச்சின் அளவையும் வேகத்தையும் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியில் ஊதச் சொன்னார்கள். சி.ஓ.பி.டி., அதாவது மூச்சுக்குழாய்கள் சுருங்கும் நாள்பட்ட நுரையீரல் நோய், என்று உறுதியானது அப்போதுதான். விறகுப் புகையே போதும் என்றார் டாக்டர். இன்ஹேலரை ஸ்பேசர் என்ற குடுவையில் மாட்டி இழுக்க நாங்கள் இரண்டு பேருமே கற்றுக்கொண்டோம். ஃப்ளூ தடுப்பூசியும் நிமோனியா தடுப்பூசியும் போட்டாயிற்று. ஆக்ஸிஜன் வைக்காமல் வெறும் வீட்டுக்காற்றில் 86க்கு மேல் ஏறாததால், காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் ஒன்று வாங்கியிருக்கிறோம். ஒரு நாளைக்குக் குறைந்தது 15 மணி நேரம், நிமிடத்துக்கு 1 லிட்டர். அதை அடுப்பங்கரைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்பதில் அம்மாவுக்குத்தான் வருத்தம்.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் 90ஐப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கூட்டிவைக்கலாமே என்கிறார்கள். போன வாரம் மாமா திருகியே விட்டார். அன்றிலிருந்து அந்தக் குமிழின் மேல் பிளாஸ்திரி ஒட்டிவைத்திருக்கிறேன்.