நம்மைத் தெரியாதவர்கள் நடுவே

கும்பகோணத்தில் இருந்தவரை என் படங்களைப் பற்றி நான் வாய் திறந்ததே இல்லை. அதற்குத் தேவையும் வரவில்லை. கவின்கலைக் கல்லூரியில் படித்த காலத்திலிருந்தே எனக்காகப் பேச ஆட்கள் இருந்தார்கள். "நம்ம பொண்ணுதான், கோடு நல்லா வரும்" என்று வாத்தியார் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கும்பாபிஷேக மலருக்கு அட்டைப்படம் போடும் வேலை வீடு தேடி வரும். ஃபிரேம் கடைக்காரர் என் படம் ஒன்றைக் கல்லாவுக்கு மேலே மாட்டிவைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். யாராவது பாராட்டினால் "எல்லாம் சாரோட ஆசீர்வாதம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அந்த அடக்கம் அங்கே பொய்யும் இல்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் மற்றவர்கள் சொல்லி முடித்திருப்பார்கள். அடக்கமாக இருப்பது ஒன்றுதான் நம் பங்குக்கு மிச்சம்.

கல்யாணமாகி மயிலாடுதுறை–மைசூரு எக்ஸ்பிரஸில் பெங்களூரு வந்து இறங்கினேன். பாத்திர மூட்டையோடு படங்களைச் சுருட்டிவைத்த பிளாஸ்டிக் குழாயும் கூடவே வந்தது. எனக்காகப் பேசிய வாய்கள் ஊரிலேயே தங்கிவிட்டன. ஊர் மாறினால் தண்ணீர் மாறும், பாஷை மாறும், வாடகை எகிறும் என்றெல்லாம் சொல்லி அனுப்புகிறார்கள். வரைகிறவளோ, பாடுகிறவளோ, தைக்கிறவளோ, புது ஊரில் அவளுக்கு முதலில் இல்லாமல் போவது இந்தச் சிபாரிசுதான். இதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

அல்சூரில் வீடு அமைந்தது நல்லதாகப் போயிற்று. பூக்கடையில், மாவு மில்லில், ஆட்டோவில் தமிழ் செல்லும். ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கம், 1950 முதல் இருக்கிறது. ஏரிக்குப் பக்கத்திலேயே திருவள்ளுவர் சிலை. 18 ஆண்டுகள் மூடியே நின்ற சிலையை 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்தார்கள். நாலு நாள் கழித்து, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞருக்குச் சிலை திறந்தார்கள். இந்த ஊரில் நம் பெருமையைச் சொல்லவேண்டுமென்றால் அவர்கள் பெருமைக்கும் நம் வாசலில் இடம் இருக்க வேண்டும் என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

எங்கள் குடியிருப்பில் தமிழர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு உண்டு. பாட்டு, கவிதை, கேக், எம்பிராய்டரி எல்லாம் அதில் வரும். பெரும்பாலும் ஒரே முகவுரை: "இது என் சிறு முயற்சி, குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஆதரவு தேவை." அந்தப் பணிவுக்குப் பின்னால் இருக்கும் வளர்ப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அப்படி எழுத எனக்கு மனம் வருவதில்லை. மாதக்கணக்கில் கழுத்து வலிக்கக் குனிந்து போட்ட படத்தைச் சிறு முயற்சி என்றால் அது உண்மையில்லை. ஆதரவு கேட்டால் வாங்குகிறவர் தர்மம் செய்கிறவர் ஆகிவிடுகிறார். இரக்கப்பட்டு ஒரு முறை வாங்குவார், படம் பரணுக்குப் போகும்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. புதுக் கம்பெனி தொடங்குகிறவர்கள் நிறைந்த ஊர் இது. அவர்கள் பேச்சு கலைஞர்களுக்கும் தொற்றியிருக்கிறது. "உலகத் தரம்", "இதுவரை யாரும் செய்யாதது." யார் அளந்து பார்த்தது? சிறு முயற்சி என்பதும் உலகத் தரம் என்பதும் படைத்தவரைச் சுற்றியே நிற்கின்றன. படத்தில் என்ன இருக்கிறது என்று இரண்டுமே சொல்வதில்லை.

எனக்கு வழி காட்டியது பள்ளிக்கூடத்தில் உருப்போட்ட நன்னூல். ஒரு மதியம் தமிழ்ச் சங்க நூலகத்தில் அதன் பாயிரத்தைத் திரும்பப் படித்தேன். எத்தனை துறைகளில் தேர்ந்தவனானாலும் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகாது என்கிறார் பவணந்தி முனிவர். அடுத்த சூத்திரத்திலேயே விதிவிலக்கு நான்கு கொடுக்கிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போது, சபையில் வாதத்தில் வெல்ல வேண்டியபோது, எதிராளி நம்மைப் பழித்தபோது, இவற்றோடு "தன்னுடை ஆற்றல் உணரார் இடையினும்." நம் திறமையை அறியாதவர்கள் நடுவே நம்மைச் சொல்லிக்கொள்வது தகும். பிழைக்க ஊர்விட்டு ஊர் போன ஒவ்வொரு கலைஞருக்கும் அந்த வரி அனுமதிச் சீட்டு. 13-ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரருக்கு இது தோன்றியிருக்கிறது என்றால், அன்றைக்கும் புலவர்கள் தெரியாத ஊரின் வாசலில் போய் நின்றிருப்பார்கள்தானே.

அவையடக்கமும் அப்படித்தான். பாற்கடலின் ஓசை கேட்டு, அதை முழுக்க நக்கிவிடப் புகுந்த பூனை போல இராமன் கதையைச் சொல்ல வந்தேன் என்கிறார் கம்பர். சொன்னவர் அங்கேயே நின்றுவிடவில்லை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை முழுக் குரலில் பாடினார். பணிவை வாசலில் ஒரு முறை சொன்னார், பாட்டுக்குப் பாட்டு மன்னிப்புக் கேட்கவில்லை.

இதெல்லாம் பரீட்சைக்கு வருவது சித்ர சந்தேயில். கர்நாடக சித்ரகலா பரிஷத் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடத்தும் ஓவியச் சந்தை. அன்றைக்குக் குமார க்ருபா சாலையில் வண்டி கிடையாது. இரண்டு ஓரமும் ஓவியர்கள், பல மாநிலத்துக்காரர்கள். கேலரி வாசல் ஏறத் தயங்குகிறவர்கள்கூடக் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வருவார்கள். வீட்டுக்கொரு கலைப்படைப்பு என்பது சந்தேயின் வாசகம். கும்பகோணத்துக் குளங்களும் அல்சூர் சோமேஸ்வரர் கோயில் கோபுரமும் பேனாக் கோட்டில் போட்டவை என் படங்கள்.

ஒரு படத்தின் முன்னால் ஒருவர் நிற்பது பத்து நொடியோ இருபது நொடியோதான். அதற்குள் நான் சொல்வது இவ்வளவு: "இது மகாமகக் குளம், காலை வெயில். இது பிக்மென்ட் மை, காய்ந்தபின் தண்ணீர் பட்டாலும் கரையாது. காகிதம் கனமானது, 300 ஜிஎஸ்எம், அமிலம் இல்லாதது, சீக்கிரம் மஞ்சளாகாது. நேர் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்." இதில் பெருமையடிப்பதற்கு ஒன்றுமில்லை, கூனிக் குறுகவும் ஒன்றுமில்லை. அத்தனையும் என் கைக்குத் தெரிந்த உண்மை. கேட்கிறவர் குனிந்து படிக்கட்டுகளைப் பார்க்க ஆரம்பிப்பார். பிறகு படம் தானே பேசும், நான் பேச்சை நிறுத்திவிடுவேன்.

ஒரு வயதான அம்மா, தலையில் கனகாம்பரம், தமிழிலேயே கேட்டார். "ஏம்மா, இத்தனையும் நீயே போட்டதா?"

"ஆமாங்கம்மா, நானே போட்டதுதான்."

"ஒரு கோடு கூட அலையலையே!"

"ரொம்ப வருஷப் பழக்கம்மா. மூச்சை நிறுத்திட்டுத்தான் இழுப்பேன்."

சார் ஆசீர்வாதம் என்று நான் சொல்லவில்லை. சார் கற்றுக்கொடுத்தது அந்த மூச்சைத்தான், அதைச் சொன்னேன். அந்த அம்மா கையைக் காற்றில் வைத்து, மூச்சை அடக்கி, ஒரு கோடு இழுத்துப் பார்த்துச் சிரித்தார். படம் வாங்கவில்லை. பேத்தியை அழைத்துவந்து காட்டினார்.

விலை கேட்கும் இடத்தில்தான் நம்மவர்கள் குரல் இறங்கும். "எஷ்டு?" என்று கேட்டால் தொகையை ஒரு முறை, கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னபின் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த மௌனத்தை நிரப்ப "பார்த்துக் குடுங்க" என்று நாமே இறங்கிவிடக் கூடாது. "சொல்ப கம்மி மாடி" என்பார்கள். சந்தையில் பேரம் கேட்பதில் தப்பில்லை, எனக்குக் கோபமும் வராது. மூலப்படத்தின் விலை அதுதான், வேண்டுமானால் இதோ அதே படத்தின் சிறிய அச்சு என்று எடுத்துக் கொடுப்பேன். மூலத்துக்கும் அச்சுக்கும் என்ன வித்தியாசம் என்பதையும் அப்போதே விளக்கிவிடுவேன். அச்சை மூலம் என்று நம்பி யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

பக்கத்து இடத்தில் தார்வாடிலிருந்து வந்த பெரியவர், நீர்வண்ணம். மழைமேகம் போடுவதில் மன்னர். என்னிடம் நிலக்காட்சி கேட்டு வருகிறவர்களை அவரிடம் அனுப்புவேன், கோயில் கேட்டால் அவர் என்னைக் காட்டுவார். என்னைவிட அவர் எதில் உயர்ந்தவர் என்று நாலு பேர் முன்னால் சொல்ல எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. என் கோடு நன்றாக வரும் என்பது எனக்கு உறுதியாகத் தெரிகிறது, அதனால்தான் அதைச் சொல்ல முடிகிறது.

இன்னொன்றையும் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல ஆசை. கஸ்தூர்பா சாலையில் வெங்கடப்பா ஆர்ட் கேலரி இருக்கிறது. மைசூர் அரண்மனை ஓவியர் கே. வெங்கடப்பா (1886–1965) பெயரில். அவர் நம் ஊட்டியையும் கொடைக்கானலையும் நீர்வண்ணத்தில் வரைந்தவர். பனி மூடிய அந்த மலைகளைப் பார்த்துவிட்டு வந்து அல்சூர் கோபுரத்தை வரைய உட்கார்ந்தேன். இங்கே எனக்கு முன்னால் வரைந்தவர்களைத் தெரிந்துகொள்ளாமல் என் படத்தை மட்டும் நீட்டினால் அது கடைவிரிப்பு. தெரிந்துகொண்டு நீட்டினால், ஒரு பேச்சில் நானும் கலந்துகொள்கிறேன். கன்னடம் கற்பதையும் இதற்குள்தான் வைக்கிறேன். என் கன்னடம் இன்னும் சந்தைக் கன்னடம்தான். இருந்தாலும் படத்தை அந்த மொழியில் அறிமுகப்படுத்தினால், கேட்கிறவர் முகம் மலர்கிறது.

அடுத்த சந்தேக்கு ஓர் அறிமுக அட்டை எழுதிவைத்திருக்கிறேன், மேலே கன்னடம், கீழே தமிழ். "கும்பகோணத்தில் ஓவியம் படித்தவள். அல்சூரில் வசிக்கிறேன். கோயில் நகரங்களை நேரில் உட்கார்ந்து பேனாவால் வரைகிறேன். கோடுகளின் நுணுக்கம் என் பலம். படத்தைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள்." கன்னட வரிகளைக் கீழ்வீட்டு டீச்சர் திருத்திக் கொடுத்தார். நாலாவது வரி வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன், அப்படியே விட்டுவிட்டார்.