திருப்பிக் கொடுக்காத மனந்திரும்புதல்

உபவாசக் கூட்டத்தில் முழங்காலில் நின்று அழுதவர், மறுநாள் காலையில் யார் வீட்டுக் கதவைத் தட்டினார் என்று பாருங்கள். அவர் மனந்திரும்பினாரா என்பது அங்கேதான் தெரியும். நம் சபைகளில் கண்ணீருக்கு இருக்கும் மதிப்பு, எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதற்கு இல்லை. வேதாகமமோ இந்த விஷயத்தில் கணக்கோடு பேசுகிறது.

லேவியராகமம் 6ஆம் அதிகாரம், முதல் ஏழு வசனங்கள். நம்பி ஒப்படைத்ததை இல்லை என்று சாதித்தவன், பறித்துக்கொண்டவன், கண்டெடுத்ததை மறைத்துப் பொய்யாணை இட்டவன், எல்லாருக்கும் ஒரே சட்டம்தான். எடுத்ததை முழுசாகக் கொடுத்து, அதற்குமேல் ஐந்தில் ஒரு பங்கும் கூட்டிக் கொடுக்க வேண்டும். 10,000 எடுத்திருந்தால் 12,000. அதுவும் குற்றநிவாரணபலி, அதாவது செய்த குற்றத்துக்கான ஆட்டுக்கடா பலி, செலுத்தும் நாளிலேயே. ஆட்டுக்கடாவை மட்டும் ஓட்டிக்கொண்டு ஆசாரியனிடம் போய்விட முடியாது. உரியவனும் இல்லை, வாங்கிக்கொள்ள இனத்தானும் இல்லை என்றால் ஆசாரியனிடம் சேர்க்கச் சொல்கிறது எண்ணாகமம் 5:8. எப்படிப் பார்த்தாலும் அந்தப் பணம் எடுத்தவன் கையில் தங்கக் கூடாது.

அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று இயேசுவிடம் சொன்ன சகேயுவின் கதையை (லூக்கா 19) இதை வைத்துக்கொண்டு படித்தால் வேறு மாதிரித் தெரியும். தானாக ஒப்புக்கொள்பவனுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் போதும். ஆட்டைத் திருடி அறுத்தவனுக்கும் விற்றவனுக்கும்தான் நாலு மடங்கு (யாத்திராகமம் 22:1). எரிகோ ஊரில் வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவனான சகேயு, யாரும் வழக்குப் போடாமலே, திருடனுக்குரிய அளவைத் தனக்குத் தானே விதித்துக்கொண்டான். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். பணத்தைப் பற்றி அவன் வாய் திறக்கும் முன்பே, உன் வீட்டில் தங்க வேண்டும் என்று இயேசு சொல்லிவிட்டார். கிருபை முந்திக்கொண்டது. நாலு மடங்கு கொடுத்து அவன் இரட்சிப்பை வாங்கவில்லை.

நடைமுறையில் எங்கே தவறுகிறது? உரியவர் உயிரோடு அடுத்த தெருவில் இருக்கும்போது, தொகையைப் பெயர் போடாமல் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். அது அவருடைய பணம். சபை அதை வாங்கிக்கொள்ள நியாயமில்லை. அவர் இறந்திருந்தால் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஒருவரைப் பற்றி அவதூறு பேசியிருந்தால், அவரிடம் மன்னிப்புக் கேட்பது பாதி வேலைதான். யார் யார் காதில் போட்டோமோ, அவர்களிடமே போய், நான் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். “ஏதாவது தப்பாப் பேசியிருந்தா மன்னிச்சிடுங்க” என்பது மன்னிப்பே அல்ல. செய்ததைச் செய்தேன் என்று சொல்லுங்கள். இன்னொன்று, சாட்சி சொல்கிறேன் என்று மற்றவர் மானத்தை மேடையில் ஏற்றக் கூடாது. அறிக்கை, காயப்பட்டவர்வரையும் பொய்யைக் கேட்டவர்வரையும் போனால் போதும்.

கஷ்டமானது சொத்து. அக்காவிடம், சொத்தில் தன் உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பேசிய பங்கைக் கொடுக்காமல் விட்ட தம்பி, 20 வருஷம் கழித்துத் தன் தவறை உணர்த்தப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்று பேசிய தொகையைக் கொடுத்தால் தீருமா? தீராது என்பேன். ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டச் சொன்ன சட்டம், உரியவன் பொருளில்லாமல் இருந்த காலத்தையும் எண்ணிப் பார்க்க வைக்கிறது. அந்த மனை இன்று என்ன விலை போகிறதோ, அதிலிருந்து பேச்சைத் தொடங்குவதுதான் நேர்மை. பெண் வீட்டாரைக் கசக்கி வாங்கிய நகைக்கும் இதுவேதான். கொடுத்த பிறகும் அக்கா முகம் கொடுக்காமல் போகலாம். மன்னிப்பு அவர் தரவேண்டியது. நாம் வசூலிக்க முடியாது.

கையில் காசே இல்லாதவர்? தவணை பேசலாம், எழுதிக் கொடுத்துவிட்டு மாதாமாதம் கொடுக்கலாம். சபையும் தோள் கொடுக்க வேண்டிய இடம் இது. அடிமையாயிருந்த ஒநேசிமுவை அப்போஸ்தலன் பவுல், அவனுடைய எஜமான் பிலேமோனிடம் திருப்பி அனுப்பியபோது, அவன் ஏதாவது கடன்பட்டிருந்தால் என் கணக்கில் வைத்துக்கொள்ளும், நானே செலுத்தித் தீர்ப்பேன் என்று தன் கையாலேயே எழுதினார். கடனைத் தாம் ஏற்றுக்கொண்டார். ஆனால் பிலேமோனுக்கு முன்னால் போய் நிற்க ஒநேசிமுவைத்தான் அனுப்பினார்.