முப்பத்தெட்டு ஓட்டு போட்ட அனுபவம்

ஜெர்சி மாட்டைத் தெரிந்த நம் ஊர்க்காரர்களுக்கு, ஜெர்சிக்குப் பக்கத்திலேயே கெர்ன்சி என்று இன்னொரு தீவு இருப்பது பெரும்பாலும் தெரியாது. வேலை கிடைக்கும் வரை எனக்கும் தெரியாது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே, பிரான்சுக் கரையை ஒட்டினாற்போல் இருக்கிறது. மொத்தமே சுமார் 65 சதுர கிலோமீட்டர், 63,000 பேர். பிரிட்டிஷ் முடியாட்சிக்கு உட்பட்ட இடம்தான், ஆனால் ஐக்கிய இராச்சியத்தின் பகுதி இல்லை. லண்டன் நாடாளுமன்றத்துக்கு இங்கிருந்து எம்.பி. யாரும் போவதில்லை. வருமான வரி, பள்ளிக்கூடம், மருத்துவமனை, யார் வந்து எத்தனை வருடம் தங்கலாம் என்பது வரை எல்லாவற்றையும் இங்கேயே ‘ஸ்டேட்ஸ்’ என்ற சட்டமன்றம் முடிவு செய்கிறது. உறுப்பினர்களுக்கு ‘டெபுட்டி’ என்று பெயர்.

நான் 2017இல் ஒரு நிதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு வேலைக்கு வந்தேன். 2020 அக்டோபரில் இங்கே பொதுத்தேர்தல் நடந்தது. அதில் எனக்கும் ஓட்டு இருந்தது. ஒன்றல்ல, முப்பத்தெட்டு.

முதலில் எனக்கு எப்படி ஓட்டு வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற ஆளுக்கு அயல்நாட்டுத் தேர்தலில் என்ன வேலை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் பேச்சுவாக்கில்தான் விஷயம் தெரிந்தது. இங்கே குடியுரிமையைப் பார்ப்பதில்லை, எத்தனை நாள் இங்கே குடியிருக்கிறாய் என்பதைத்தான் பார்க்கிறார்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய இரண்டு வருடம் தொடர்ந்து சட்டப்படி இங்கே வசித்திருக்க வேண்டும், இல்லையென்றால் முன்னும் பின்னுமாக மொத்தம் ஐந்து வருடம் இருந்திருக்க வேண்டும். வயது 16 ஆகியிருந்தால் ஓட்டுப் போடலாம். ஊரில் என் பெயர் பட்டியலில் இருக்கிறதோ இல்லையோ தெரியாது. இருந்தாலும் வெளிநாட்டில் இருக்கிறவன் நேரில் போய்த்தான் போட வேண்டும். ஒரு ஓட்டுக்காக விமானம் ஏறுகிற வசதி எனக்கு இல்லை. வாடகை வீட்டில் இருக்கும் தீவில் ஓட்டு, பிறந்த மண்ணில் இல்லை. இதை யோசித்தால் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

பழைய வாக்காளர் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்தத் தேர்தலுக்காகப் புதுப் பட்டியல் தயாரித்தார்கள். அதனால் மூன்று தலைமுறையாக இங்கேயே இருப்பவர்களும் என்னைப் போலவே புதிதாகப் பதிய வேண்டியிருந்தது. இணையத்தில் ஒரு படிவம், அவ்வளவுதான். என் மனைவி 2018 கடைசியில்தான் வந்தாள். பட்டியல் மூடும்போது அவளுக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கவில்லை. ஓட்டு இல்லாத அவள்தான் எங்கள் வீட்டில் தேர்தலை அதிகம் கவனித்தாள் என்பது அப்புறம் வரும்.

முப்பத்தெட்டு எப்படி வந்தது? அதற்கு முன்பு வரை தீவை ஏழு தொகுதிகளாகப் பிரித்து, தொகுதிக்கு ஐந்தாறு பேரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் தொகுதி டெபுட்டி என் பிள்ளையின் பள்ளிக்கூடத்தை மூடச் சொல்கிறார், அவரை நான் தோற்கடிக்க முடியவில்லையே என்று ஒரு கோபம் வெகுநாளாக இருந்திருக்கிறது. 2018 அக்டோபரில் பொது வாக்கெடுப்பு வைத்தார்கள். ஐந்து முறைகளைக் கொடுத்து விருப்ப வரிசைப்படி எண் போடச் சொன்னதில், முழுத் தீவும் ஒரே தொகுதி, ஒவ்வொருவரும் 38 பேர் வரை தேர்ந்தெடுக்கலாம் என்ற முறை நூலிழையில் ஜெயித்தது. அதன்படி நடந்த முதல் தேர்தல்தான் 2020. ஜூனில் நடந்திருக்க வேண்டியது, கொரோனாவால் தள்ளிப்போய் அக்டோபர் 7 ஆனது.

நிற்பதற்குப் பெரிய சிரமம் இல்லை. பட்டியலில் உள்ள ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். கடைசியில் 119 பேர் நின்றார்கள்.

வேட்பாளர்களின் கொள்கை விளக்கங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து அச்சடித்து வீட்டுக்கு வீடு அனுப்பினார்கள். தபாலில் வந்ததை எடுத்துப் பார்த்தால் தீபாவளி மலர் கனம் இருந்தது. ஆளுக்கு ஒரு சிரித்த முகம், கீழே வாக்குறுதிகள். முதல் இருபது பேரை ஆர்வமாகப் படித்தேன். அதற்கப்புறம் எல்லாம் ஒருவரே எழுதியது போலத் தோன்ற ஆரம்பித்தது. கட்டுப்படியாகும் விலையில் வீடு வேண்டும், செலவைக் குறைக்க வேண்டும், சுற்றுச்சூழலைக் காக்க வேண்டும், மக்கள் சொல்வதைக் கேட்பேன். வேண்டாம் என்று யார் சொல்லப் போகிறார்கள்? எல்லாரும் எல்லாவற்றையும் ஆதரிக்கும்போது ஒருவரை எப்படிக் கழிப்பது?

வழி கண்டுபிடித்தவள் மனைவிதான். “சொல்றதைப் பாக்காதீங்க, பள்ளிக்கூடத்தைப் பத்தி என்ன எழுதியிருக்காங்கன்னு மட்டும் பாருங்க” என்றாள். அது நல்ல உரைகல். முந்தைய ஸ்டேட்ஸ், பதினொரு வயதில் பரீட்சை வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்கும் பழக்கத்தை எடுத்துவிட்டு, அரசுப் பள்ளி மேல்வகுப்புகளை எல்லாம் ஒரே பள்ளி, இரண்டு வளாகம் என்று ஆக்கப் பார்த்தது. ஆசிரியர்களும் பெற்றோரும் எதிர்த்து எழுந்ததில், 2020 மார்ச்சில் அந்தத் திட்டத்தை நிறுத்தி வைத்து, மற்ற வழிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. இந்த ஒரு விஷயத்தில் நழுவியவர் யார், தெளிவாகப் பேசியவர் யார் என்று பார்த்தாலே பாதி பேர் கழிந்துவிட்டார்கள். நமக்கு ஒத்துப்போகாத கருத்தைத் தெளிவாகச் சொன்ன இரண்டு பேரைப் பட்டியலில் வைத்துக்கொண்டோம். பின்னால் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று முன்கூட்டியே தெரிகிறதே, அதுவே பெரிய விஷயம்.

நேரில் பார்த்துவிடுவோம் என்று போ செஜூர் விளையாட்டு அரங்கில் நடந்த வேட்பாளர் சந்திப்புக்கும் போனோம். பெரிய கூடத்தில் மேஜை போட்டு வேட்பாளர்கள் உட்கார்ந்திருக்க, ஊரே சுற்றிச் சுற்றி வந்து பேசிக்கொண்டிருந்தது. உலகம் முழுக்க முகக்கவசமும் ஊரடங்குமாக இருந்த காலம். ஆனால் இங்கே வெளியிலிருந்து வருபவர்களை 14 நாள் தனிமையில் வைத்துவிட்டு, தீவுக்குள் ஜூனிலிருந்தே கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் இருந்தார்கள். தோளோடு தோள் இடிக்கிற கூட்டத்தைப் பார்க்கவே கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

ஒரு மேஜையில் கொஞ்சம் வயதான வேட்பாளர் ஒருவர் தனியாக இருந்தார். என்ன கேட்பது என்று தெரியாமல், வேலை அனுமதியில் வந்து வாடகை வீட்டில் இருப்பவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். இங்கே உள்ளூர்ச் சந்தை, வெளிச் சந்தை என்று வீடுகளே இரண்டு வகை. யார் எதில் குடியிருக்கலாம் என்பதற்குச் சட்டம் இருக்கிறது. வாடகையோ நெஞ்சை அடைக்கும். அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, “உண்மையைச் சொன்னால் அதைப் பற்றி நான் யோசித்ததில்லை. நீங்கள் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்” என்று பேனாவை எடுத்தார். மனைவி என் முழங்கையை இடித்தாள். அவருக்கு ஓட்டு உறுதியாயிற்று. பக்கத்து மேஜைக்காரர் அதே கேள்விக்கு ஐந்து நிமிடம் பதில் சொன்னார், ஒரு வரி கூட நினைவில்லை.

இனிமேல்தான் நிஜமான சிக்கல். முப்பத்தெட்டு ஓட்டு இருக்கிறது என்பதற்காக முப்பத்தெட்டையும் போட வேண்டுமா? கணக்கு வேலை பார்க்கிறவன் என்பதால் இதில் கொஞ்சம் அதிகமாகவே மூழ்கிவிட்டேன். ஓட்டுகளுக்கு வரிசையெல்லாம் கிடையாது. எனக்கு மிகவும் பிடித்தவருக்குப் போடும் பெருக்கல் குறியும், பரவாயில்லை என்று போடும் முப்பதாவது குறியும் ஒரே மதிப்பு. இடமோ முப்பத்தெட்டுதான். நான் பரவாயில்லை என்று போட்ட ஆள், நான் உயிரைக் கொடுத்து ஆதரிக்கும் ஆளைக் கடைசி இடத்தில் முந்திவிடலாம். அதாவது, ஒரு கட்டத்துக்கு மேல் நான் போடும் ஒவ்வொரு ஓட்டும் என் முந்தைய ஓட்டுக்கே எதிரி. நிறுத்துவதுதான் சாமர்த்தியம், எங்கே நிறுத்துவது என்பதுதான் கேள்வி.

அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்கார அம்மாவிடம் இதைச் சொன்னேன். இந்தத் தீவிலேயே பிறந்தவர். சிரித்துவிட்டு, “எனக்குத் தெரிஞ்சவங்க பதினொரு பேர் நிக்கிறாங்க. பதினொரு பேருக்குப் போடுவேன். மத்தவங்களைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?” என்றார். தெரிந்தவர் என்றால் நிஜமாகவே தெரிந்தவர். ஒருவர் கூடப் படித்தவர், ஒருவர் அவர் வீட்டுக் குழாயைச் சரிசெய்தவர். எனக்கு அந்த வசதி இல்லை. கடைசியில் மூன்று நிறத்தில் ஒரு எக்செல் பட்டியல் போட்டு, பச்சைக்கு மட்டும் ஓட்டு, மஞ்சளைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். பச்சை இருபத்துச் சொச்சம் வந்தது. அதில் பாதி மனைவி அடித்த பச்சை.

நிறைய பேர் தபாலிலேயே போட்டுவிட்டார்கள். எனக்குச் சாவடிக்குப் போக வேண்டும் என்று ஆசை. போ செஜூரிலேயே தீவில் யார் வேண்டுமானாலும் வந்து போடுகிற பெரிய சாவடி இருந்தது. பெயரையும் முகவரியையும் சொன்னேன், பட்டியலில் தேடி அடித்துவிட்டுத் தாளைக் கொடுத்தார்கள். விரலில் மை கிடையாது, சின்னம் கிடையாது. பெரிய தாளில் வரிசை வரிசையாக 119 பெயர், பக்கத்தில் கட்டம். அகர வரிசை என்பதால் ‘டி’, ‘லெ’ என்று தொடங்கும் நார்மன் குடும்பப் பெயர்கள் கொத்துக் கொத்தாக வந்தன. கையில் சீட்டை வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் வரியை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டேன். பக்கத்துத் தடுப்பில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண், அவளும் சீட்டோடுதான் வந்திருந்தாள். முப்பத்தெட்டைத் தாண்டினால் தாளே செல்லாது என்பதால் எல்லாரும் உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இயந்திரத்தில்தான் எண்ணினார்கள், அப்படியும் முடிவு உடனே வந்துவிடவில்லை. பட்டியலில் இருந்தவர்களில் ஏறக்குறைய எண்பது சதவீதம் பேர் போட்டிருந்தார்கள். முதலிடம் காவின் செயின்ட் பியர். அதுவரை ஸ்டேட்ஸின் தலைமைக் குழுவான பாலிசி அண்ட் ரிசோர்சஸ் கமிட்டிக்குத் தலைவர், கொரோனா காலத்தில் அடிக்கடி மக்கள் முன் வந்து பேசியவர். கிட்டத்தட்ட 14,000 ஓட்டு. முன்பு இல்லாத அதிசயமாக மூன்று கட்சிகள் களத்தில் இருந்தன. அதில் ஒன்றுக்கு ஓரிடம் கூட இல்லை. பாதிக்கு மேல் சுயேச்சைகள். பெண்கள் எட்டே பேர். இவ்வளவு பெரிய சீட்டில் தெரிந்த பெயரைத் தேடித்தான் கை போகும் என்பது என் எண்ணம். புதுமுகங்களுக்கு இந்த முறை கஷ்டம்தான். பேனாவை எடுத்த அந்தப் பெரியவரும் ஜெயிக்கவில்லை.

ஆனால் என்னைத் தூக்கிவாரிப் போட்டது அதற்கடுத்த வாரம். இங்கே மந்திரிசபை கிடையாது, கமிட்டிகள்தான். தலைவர்களை டெபுட்டிகளே தங்களுக்குள் ரகசிய ஓட்டில் தேர்ந்தெடுக்கிறார்கள். பக்கத்துச் சின்னத் தீவான ஆல்டர்னி அனுப்பும் இரண்டு உறுப்பினர்களையும் சேர்த்து நாற்பது ஓட்டு. தீவே முதலிடம் கொடுத்த செயின்ட் பியருக்கு 17, பீட்டர் பெர்பிராஷுக்கு 23. அவர்தான் தலைமைக் குழுவின் தலைவரானார். தீவு முழுக்க ஒரே தொகுதி ஆக்கியதே எல்லாருடைய குரலும் எல்லாரிடமும் போய்ச் சேரட்டும் என்றுதான். மேலிடத்தில் உட்காரப்போகிறவரை முடிவு செய்கிற ஓட்டு மட்டும் யார் யாருக்குப் போட்டது என்று நமக்குத் தெரியாது. இதை நான் இன்றுவரை ஏற்கவில்லை. பக்கத்து மேஜை அம்மாவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை, “எப்பவும் அப்படித்தான்” என்றார்.

பெர்பிராஷும் முழுசாக இருக்கவில்லை. 2023 கடைசியில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் போனார், லிண்டன் ட்ராட் வந்தார்.

அடுத்த தேர்தல் 2025 ஜூன் 18. இந்தத் தடவை 82 பேர்தான், மலரும் மெலிந்திருந்தது. உரைகல்லும் மாறிவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் பதிலாக ஜிஎஸ்டி. இதுவரை அந்த வரியே இல்லாத தீவில் அதைக் கொண்டுவரலாமா என்பதுதான் எங்கே போனாலும் பேச்சு. நம்மைக் கேட்டால் சொல்லியிருப்போம், ஆனால் யாரும் கேட்கவில்லை. ஜூலை முதல் தேதி டெபுட்டிகள் லிண்ட்சே டி சாஸ்மரேஸைத் தலைவராக்கினார்கள். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர்.

மனைவிக்கு இந்தத் தடவை ஓட்டு இருந்தது. எக்செல், நிறம் எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நான் பத்தொன்பதோடு நிறுத்திக்கொண்டு வெளியே வந்து நெடுநேரம் காத்திருந்தேன். முப்பத்தெட்டையும் போட்டுவிட்டுத்தான் வந்தாள். உன் ஓட்டே உன் ஆளைத் தோற்கடிக்கும் என்று வழியெல்லாம் விளக்கினேன். “ஏழு வருஷம் காத்திருந்து வந்த ஓட்டு. ஒண்ணைக்கூட மிச்சம் வைக்க மாட்டேன்” என்றாள்.